புள்ளி இல்லாத வட்டம்

அந்தக் கல்லூரியின் மரபியல் துறையில் முப்பத்தொரு வருடங்களாக ஓர் ஈ கூடத் தப்பு செய்தது கிடையாது. நூறு பழ ஈக்களை எண்ணினால் எழுபத்தைந்துக்கு நீள இறக்கை இருக்கும், இருபத்தைந்துக்குக் குட்டை இறக்கை இருக்கும். முக்காலுக்குக் கால். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, ஈக்களும் கேட்டு நடந்துகொண்டன.

அவை அவ்வளவு ஒழுக்கமாக இருந்ததற்குக் காரணம், செத்து முப்பத்தொரு வருடம் ஆகியிருந்ததுதான். உயிருள்ள ஈக்கள் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு கணக்குச் சொல்லி மானத்தை வாங்கியதால், லேப் அட்டெண்டர் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து எழுபத்தைந்தும் இருபத்தைந்துமாகப் பொறுக்கிக் காகிதப் பொட்டலங்களாக மடித்து வைத்துவிட்டார். செய்முறை வகுப்பில் ஆளுக்கொரு பொட்டலம். எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மாணவிகளில் ஒருத்தி, வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள், தன் பொட்டலத்தை மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் குட்டை இறக்கை இருபத்துமூன்றுதான் வந்தது.

"அண்ணே, ரெண்டு குறையுதே" என்றாள் அட்டெண்டரிடம்.

"போன வருஷம் அந்த பெஞ்சுல ஒரு பொண்ணு தும்மிருச்சும்மா. நீ இருபத்தஞ்சுன்னே எழுது."

"எண்ணினது இருபத்துமூணு தானேண்ணே?"

"ரெண்டு பறந்துபோச்சுன்னு வச்சுக்க."

"செத்த ஈ எப்படிண்ணே பறக்கும்?"

"அதெல்லாம் தியரியில வரும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெஞ்சுக்குப் போனார். சின்னவள் இருபத்தைந்து என்று எழுதினாள். ரெக்கார்டு நோட்டில் அவள் எழுதிய முதல் பொய் அதுதான். அதற்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முக்கால். அவருக்கும் அது தெரியும், பட்டம் போலப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்பு பென்சில், மேசை மேல் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இயற்கை என்பது கவனக்குறைவான ஒரு மாணவி, அவள் நோட்டைத் திருத்துவதற்கே இந்தத் துறை இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்கேயாவது சமாளித்திருக்கலாம்.

சின்னவள் இந்தப் பாடத்தில் வந்து சேர்ந்தது ஈ எண்ணுவதற்காக அல்ல. அவள் வீட்டில் நாலு பிள்ளைகள்: அக்கா, அண்ணன், இவள், தம்பி. அண்ணன் ஐந்து வயது வரை ஓடினான், பிறகு அடிக்கடி விழுந்தான், பதினொரு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தான், பத்தொன்பது வயதில் மூச்சு விடத் தெம்பில்லாமல் போய்ச் சேர்ந்தான். தம்பிக்கு இப்போது பதினாலு. அவனும் அதே வழியில், அதே சக்கர நாற்காலியில் போய்க்கொண்டிருந்தான். அண்ணனுக்கு வாங்கியது அவனுக்கும் அளவாக இருந்தது.

"அம்மாகிட்டருந்து வர்ற வியாதி. பையன்களைத்தான் பிடிக்கும். பொண்ணுங்களுக்கு வெளிய தெரியாது, ஆனா உள்ளுக்குள்ள சுமப்பாங்க, அவங்க பெத்துக்கற பையனுக்குக் கொடுப்பாங்க. பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஒருநாள் சொன்னார். சொல்லிக்கொண்டே அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அந்த 'உள்ளுக்குள்ள' தனக்கு இருக்கிறதா, அக்காவுக்கு இருக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் சின்னவள் மரபியல் எடுத்தாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டு மாதமாகக் குளிக்காமல் இருக்கிறேன் என்று போன வாரம்தான் காதோடு சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா பயமா என்று சின்னவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வகுப்பில் எழுந்து கேட்டே விட்டாள். "சார், ஒரு பொண்ணு உள்ள சுமக்கறாளா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

முக்கால் மகிழ்ந்துபோனார். "அருமையான கேள்வி. இது ஆறாவது செமஸ்டர், அஞ்சாவது யூனிட். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் வராது. உட்காரும்மா."

அந்த செமஸ்டரின் ஏழாவது செய்முறை, அவரவர் குடும்பத்தின் மரபுப் படம் வரைவது. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். வியாதிக்காரன் என்றால் சதுரத்துக்குள் கறுப்பு அடிக்க வேண்டும். செத்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. வியாதியை உள்ளே சுமக்கிற பெண் என்றால் வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. சின்னவள் இரண்டு சதுரத்துக்கும் கறுப்பு அடித்தாள். அண்ணன் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். தன் வட்டத்திலும் அக்கா வட்டத்திலும் பென்சிலால் சின்னதாகக் கேள்விக்குறி போட்டாள்.

முக்கால் படத்தைப் பார்த்ததும் சிவப்பு பென்சிலை எடுத்தார்.

"என்னம்மா இது, ரெண்டு பையனும் கறுப்பா இருக்கு? பாதிக்குப் பாதின்னு நடத்தினேனா இல்லையா?"

"நடத்துனீங்க சார்."

"ரெண்டு பையன்னா எத்தனை பேருக்கு வரணும்?"

"ஒருத்தனுக்கு. ஆனா ரெண்டு பேருக்கும் வந்துருச்சு சார்."

"எங்க வந்துச்சு?"

"வீட்டுல."

"வீட்டுல வரட்டும், அதை நான் தடுக்க முடியாது. ரெக்கார்டுல வரக்கூடாது." பென்சிலால் கன்னத்தைத் தட்டிக்கொண்டார். "இன்னும் ரெண்டு பையன் நல்லபடியா இருந்தா கணக்கு நேராயிடும். இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அம்மாவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு சார்."

"ம். அப்ப வேற வழியில்ல. ஒருத்தனைக் குணமாக்கிடு. எவன்னு நீயே முடிவு பண்ணிக்க, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், செத்தவனை நல்லா இருந்தான்னு போட்டா, பின்ன எதுல செத்தான்னு வெளியிலருந்து வர்ற எக்ஸ்டர்னல் கேட்பார். உயிரோட இருக்கறவன்தான் வசதி."

சின்னவள் புதுத் தாளில் தம்பியின் சதுரத்தை வெறுமையாக விட்டாள். விட்டுவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்தான், ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. தம்பி எழுந்து நடந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது மாதிரி ஒரு நிமிடம் இருந்தது.

"வட்டத்துல என்ன கேள்விக்குறி? சந்தேகத்துக்கெல்லாம் இங்க குறியீடு கிடையாது. ரெண்டு பொண்ணு, ஒருத்திக்குப் புள்ளி, ஒருத்திக்குக் கிடையாது. போடு."

சின்னவள் யோசிக்கவில்லை. அக்கா வயிற்றில் இரண்டு மாதம். புள்ளியைத் தன் வட்டத்துக்குள் வைத்தாள், நன்றாக அழுத்தி வைத்தாள். அக்காவின் வட்டம் சுத்தமாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் வேண்டிக்கொள்வதைக் கறுப்பு மையில் வேண்டிக்கொண்டாள், அவ்வளவுதான். முக்கால் கையெழுத்துப் போட்டார், ஸ்டாம்ப் அடித்தார். ஐம்பதுக்கு ஐம்பது.

இரண்டு மாதம் கழித்து, துறையின் பழைய சாமான் அறையைக் கழுவி, 'மரபியல் ஆலோசனை மையம்' என்று பலகை மாட்டினார்கள். ரிப்பன் வெட்ட வந்த பெரிய அதிகாரி கத்தரிக்கோலைத் திருப்பித் தர மறந்து போய்விட்டார். முக்கால் பேசினார்.

"இந்த நாட்டில் பரம்பரை வியாதிகள் ஏன் பெருகுகின்றன? மக்கள் விகிதப்படி பெற்றுக்கொள்வதில்லை. இஷ்டத்துக்குப் பெற்றுக்கொள்கிறார்கள், பிறகு நம்மிடம் வந்து அழுகிறார்கள். இந்த மையம் அவர்களுக்கு வழிகாட்டும். முப்பத்தொரு வருடமாக இந்தத் துறையில் ஒரு முடிவுகூடத் தவறாக வந்ததில்லை. ஏனென்றால், எது வர வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நாங்கள் சோதனையே செய்கிறோம்!"

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. அட்டெண்டர் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார், தட்டுக்கு மூன்று உப்பு, ஒன்று இனிப்பு.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். சுமக்கிற பெண்ணா என்று கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை இனி மையத்தின் கடிதம் இருந்தால்தான், அதுவும் கர்ப்பிணிகளுக்கு மட்டும், ஐந்தாம் மாதம் முடிவதற்குள். வெளியே செய்துகொள்ள அந்த வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அக்காவுக்கு நாலு மாதம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. சின்னவள் அவளை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முக்கால் பெயரைக் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை உருவினார். "உங்க குடும்பப் படம்தான் ஏற்கெனவே ஃபைல்ல இருக்கே! அப்ரூவ் ஆனது. ஒரு குடும்பத்துக்கு ஒரு படம்தான்." விரலால் தடவிப் பார்த்தார். "மூத்த பொண்ணு... வட்டம்... புள்ளி இல்ல. வாழ்த்துகள்மா."

அவர் கடிதம் எழுதினார்: 'மேற்படியாரின் வட்டத்தில் புள்ளி இல்லாத காரணத்தால் பரிசோதனை தேவையில்லை.' கீழே ஸ்டாம்ப். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். வராந்தாவுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷ அழுகை. இத்தனை மாதம் இவள் இதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள் என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அந்தப் புள்ளி..."

"என்னடி?"

"அதை நான்தான் வச்சேன்."

"எதை?"

"உனக்கு இல்லன்னு நானா போட்டேன். டெஸ்ட் எதுவும் பண்ணல. யாராவது ஒருத்தருக்குப் போடணும்னு சொன்னாங்க, எனக்குப் போட்டுக்கிட்டேன். நீ நல்லா இருக்கணும்னு..."

அக்கா கடிதத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "யாரைக் கேட்டுடி எனக்கு நல்லது பண்ணின?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று சின்னவளுக்கு இருந்தது.

இருவரும் திரும்ப உள்ளே போனார்கள். முக்கால் பொறுமையாகக் கேட்டார்.

"பொய்யா? நான் கையெழுத்துப் போட்டதா?"

"என் தம்பிக்கும் வியாதி இருக்கு சார். நீங்கதான் ஒருத்தனைக் குணமாக்கச் சொன்னீங்க."

"படத்துல இல்லாததை நான் எப்படிம்மா நம்பறது? ஆதாரம் வேணும்."

மறுநாள் ஆதாரத்தை நாற்காலியோடு கொண்டுவந்தாள். துறை முதல் மாடியில் இருந்தது. படிக்கட்டில் அட்டெண்டர் பின்னால் பிடிக்க, இவள் முன்னால் பிடிக்க, நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கித் தூக்கினார்கள். "அண்ணே, கீழ போட்டுறாதீங்க, நான் படத்துல நல்லா இருக்கேனாம்" என்றான் தம்பி. அட்டெண்டர் சிரிக்கவில்லை. அவர் முகம் பொட்டலம் கட்டியவர் முகமாக இல்லை.

முக்கால் நாற்காலியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார். "இது யாரு?"

"என் தம்பி சார்."

"உன் தம்பிக்கு ஒண்ணும் இல்லையே."

"அப்படியா சார்?" என்றான் தம்பி. "எனக்கு யாரும் சொல்லவே இல்ல."

"இது வேற தம்பியா இருக்கும்" என்று முக்கால் ஒரு தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார். "அப்ப மொத்தம் மூணு பையன். மூணுல பாதின்னா ஒண்ணரை. ஒருத்தன் போய்ச் சேர்ந்தாச்சு, பாக்கி அரை. அரைப் பையனுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"நான்தான் இருக்கேனே சார்" என்றான் தம்பி. "இடுப்புக்கு மேல."

சின்னவளுக்குத் தலையில் ரத்தம் ஏறியது. அந்த ஸ்டாம்பை எடுத்து ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அக்காவுக்குக் கடிதம் வேண்டும்.

முக்கால் இரங்கினார். "சரி, மனுஷாபிமானத்துல ஒண்ணு பண்றேன். கையெழுத்தான ரெக்கார்டுல வெள்ளை பூசக் கூடாது, அது விதி. திருத்தக் குழுவுக்கு மனு கொடு. செமஸ்டருக்கு ஒரு தடவை கூடும்."

"அஞ்சாம் மாசம் முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான் சார் இருக்கு."

"குழுவுக்கு அது தெரியாதேம்மா. மனுவுல எழுது."

எழுதினாள். மூன்று பிரதி. ஒரு பிரதியில் தேதி விட்டுப்போனதென்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள். பத்தொன்பது நாளும் தினமும் போய்க் கேட்டாள். இருபதாம் நாள் கேட்கப் போகவில்லை.

அக்காவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது குழு கூடியது. முக்காலும் இன்னும் இரண்டு பேராசிரியர்களும். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து, மூன்று பேருக்கும் எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். தம்பியின் சதுரம் 'மேலதிக ஆய்வுக்கு' ஒத்திவைக்கப்பட்டது. புள்ளி விஷயத்தில் ஒரு வழி பிறந்தது. கூடுதலாக ஒரு புள்ளி வைக்க முடியாது, அது விகிதத்துக்கு விரோதம். ஆனால் இருக்கிற புள்ளியை இடமாற்றம் செய்யலாம், அதற்கு இப்போது புள்ளியை வைத்திருப்பவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

'என் வட்டத்தில் உள்ள புள்ளியை என் மூத்த சகோதரிக்கு மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று சின்னவள் எழுதினாள். எழுத்து கோணலாகப் போகாமல் எழுதினாள், போனால் திரும்பி வரும்.

"ஆக, பரிசோதனைக்கு இப்ப உங்களுக்குத் தகுதி வந்துருச்சு" என்று முக்கால் அக்காவிடம் மலர்ந்த முகத்தோடு சொன்னார். "அஞ்சு மாசம் தாண்டிருச்சு, அதனால இந்தத் தடவை முடியாது. அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரமா வாங்க."

அக்கா எழுந்திருக்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா."

"இது பையனா இருந்தா, நடப்பானா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் யாரும் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேள்வி கேட்டதில்லை. முக்கால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"ஒண்ணை வச்சு விகிதம் சொல்ல முடியாதும்மா. நாலு பெத்துட்டு வாங்க. துல்லியமாச் சொல்லிடறோம்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். முடிவு நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறியது. அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "படியில பார்த்து இறங்குங்க" என்று முக்கால் வாசல் வரை வந்து சொன்னார்.

பிறந்தது பையன். அவனுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிப் போய்க் கேட்டபோது, கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்ற வரியைக் காட்டினார்கள். சின்னவள் ரெக்கார்டில் முழு மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினாள். ஆறாவது செமஸ்டரில் அந்த அஞ்சாவது யூனிட்டை நேரமில்லை என்று நடத்தாமல் விட்டுவிட்டார்கள்.

இப்போது பையனுக்கு மூன்றரை வயது. வாய் ஓயாமல் பேசுவான். அக்கா வாரம் ஒருமுறை அவனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவாள். அவன் தரையில் உட்கார்ந்து விளையாடும் வரைக்கும் எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் எழுந்திருக்கப் போகிறான் என்று தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். அண்ணனும் தம்பியும் கையைத் தொடையில் ஊன்றி, தங்கள் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்தவர்கள். வியாதி முதலில் அப்படித்தான் முகம் காட்டியது. அதனால் பையன் எழும்போது நாலு பேரும் அவன் கையைத்தான் பார்ப்பார்கள். சும்மா எழுந்து ஓடிவிடுவான். அம்மா அடுப்படிக்குப் போவாள், அக்கா விட்ட இடத்திலிருந்து பேசுவாள்.

நேற்றுச் சாயங்காலம் அவன் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். பாதியில் நின்றான். இடது கையை முழங்காலில் வைத்து ஒரு தள்ளு தள்ளி நிமிர்ந்தான். பிறகு ஓடினான்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் அக்காவைப் பார்க்கப் பயந்து பந்து உருண்ட பக்கமே பார்த்தாள்.

"தரை வழுக்குது" என்றாள் அக்கா. "இப்பதான் துடைச்சிருக்கீங்க போல, ஈரமா இருக்கு."

தரையைக் காலையிலிருந்து யாரும் துடைக்கவில்லை.

"ஆமாக்கா" என்றான் தம்பி, நாற்காலியிலிருந்து. "எனக்கும் முதல்ல தரைதான் வழுக்குச்சு."